பதினைந்து டிகிரி

கயானியில் இன்று மைனஸ் பதினொன்று.
டப்பாவின் முதுகில் எழுதியிருக்கிறது:
பதினைந்து டிகிரிக்குக் கீழே அடிக்காதீர்கள்.
வியாழன் காலை வண்டிக்குத் தகுதிச் சோதனை.
டப்பாவுக்குத் தெரியுமா வியாழக்கிழமை?

போன வாரம் ஆர்னோ அவசரப்பட்டான்.
கொட்டகையில், சில்லிட்ட தகட்டில் அடித்தான்.
மூக்கொழுகும் பிள்ளைபோல் வழிந்தது பிரைமர்.
நான்கு நாள் கழித்தும் விரல் வைத்தால் பிசுபிசுப்பு.
முழுதும் தேய்த்து எடுத்தோம்,
ஒருவரோடொருவர் பேசாமல்.

புதன் மாலை சவுனா எங்கள் முறை.
கழற்றிய மட்கார்டைத் தூக்கிப்போய்
மேல்பலகையில் உட்கார வைத்தேன்.
கல்லில் தண்ணீர் ஊற்றாதே, ஈரம் ஆகாது.
டப்பா இரண்டும் வாளி வெந்நீரில்,
கை பொறுக்கும் சூடுதான்.
தோளில் துண்டோடு எட்டிப் பார்த்த துயிரே
"ஓ, ஆள் இருக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

பிறகு ஓட்டம்.
கம்பளி சுற்றிய தகடு அவன் கையில்,
வாளியோடு முன்னால் நான்,
நடுவே நாற்பது தப்படி பனி.
ஆறுவதற்குள் ஒரு மெல்லிய பூச்சு.
பத்து நிமிஷம்.
இன்னொன்று.
டப்பாவுக்குள் குண்டு உருளும் சத்தம் தவிர
வேறு பேச்சில்லை.

ஈரப் பளபளப்பு ஓரத்திலிருந்து அடங்கி
வெறும் சாம்பல் நிறமானது.
வழியவில்லை.

"பார்த்தாயா" என்று சொல்லியிருக்கலாம் நான்.
முகமூடியைக் கழற்றி நிற்கிறான்,
மூக்கைச் சுற்றி மட்டும் மனித நிறம்.
கை நடுங்குகிறது, பொத்தானை அழுத்திய விரல்
மடங்கியது மடங்கியபடி.
பிடித்து வாளிக்குள் அமுக்கினேன்.
காலி டப்பா ஒன்று
எங்கள் மணிக்கட்டில் முட்டி முட்டி மிதந்தது.