மிஞ்சிய வாசர்

ஸ்டாண்டில் நிற்கும்போது நாலு கியரும்
சொன்ன பேச்சு கேட்கிறது.
முருங்கைக்காய்ச் சாக்கைப் பின்னால் கட்டி
மூலனூர் ரோட்டு மேட்டில் ஏறினால்
மூன்றாவது மட்டும் நழுவி
எஞ்சின் வெறுமனே கத்துகிறதாம்.

"கிளட்ச் ஒயருங்" என்றேன் முதல் தடவை.
"புது எஞ்சினு, ஓடி ஓடித்தான் செட்டாகோணுமுங்"
என்றேன் அடுத்த தடவை.
பொங்கியண்ணன் தலையாட்டினார்.
காசும் கொடுத்தார், அதுதான் கஷ்டம்.

இன்றைக்கு மறுபடி பிளந்து வைத்திருக்கிறேன்.
டிரம் சரி. ஃபோர்க் வளையவில்லை.
பல்லெல்லாம் புதுசு, குண்டு பல்பு மின்னுகிறது.
சாஃப்டை விரலால் தள்ளினால்
ஒரு மயிரிழை ஆட்டம்.
மேட்டுக்கு அது போதும்.

பூட்டி முடித்த ராத்திரி
பிஸ்டன் வந்த டப்பாவில் ஒரு வாசர் மிஞ்சியது,
நகத்தை விட மெலிசு.
எந்த வண்டியுதோ என்று
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
எந்த வண்டியுது என்று தெரியும்.
மணி பன்னிரண்டு, வேறென்ன.

வெள்ளகோவில் காற்று ஷட்டரை உதைக்கிறது.
வீட்டுக்குப் போன் போட்டேன்.

"துணி தொவைக்கறப்ப கெடந்துதே, அதுங்களா?"
என்கிறாள் பூங்கொடி.
"தையல் மிஷின் சக்கரம் ஆடிட்டே கெடந்துது,
உள்ளுக்குப் போட்டுட்டேன்.
ஒரு மாசமாச்சு,
இப்ப ஆடறதே இல்லீங்."