பதினேழு நிமிடம் மிச்சம்

கசெற்றின் முதுகில் பிலேந்திரன்
நீலப் பேனையால் எழுதியிருந்தான்: ‘சோம்பிப் படம்’.
அது எழுத்துப் பிழை என்று எங்களுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டோம்.
அவ்வளவு சோம்பல் அந்தப் பிணங்களுக்கு.
ஒரு முற்றத்தைக் கடக்க அரை மணித்தியாலம்,
கதவில் கை வைக்க இன்னொரு அரை.

தொண்ணூற்று மூன்று. கொட்டடி.
யன்னலுக்குச் சாக்கு, ஆளுக்கு ஐந்து ரூபாய்,
மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றர்.
படத்தில் ஒரு பள்ளிக்கூடம், உள்ளே ஏழு பேர்.
மேசையைக் கவிழ்த்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.
“உது காணாது, மண்மூட்டை அடுக்கோணும்”
என்றார் பின்வாங்கிலிருந்து ஒருவர்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சரியான ஆலோசனைதானே.

செத்தவர்களுக்கு முகம் இருந்தது.
தபால்காரர் தொப்பியோடு வந்தார்.
ஒரு மணப்பெண்.
ஒற்றைச் சப்பாத்தோடு ஒரு வாத்தியார்,
செத்த பிறகும் பாடவேளைக்குப் பிந்தியவர்.
உள்ளேயிருந்த பெட்டை யன்னல் இடுக்கால் பார்த்து
“சேர்” என்றாள்.
முழுப் படத்திலும் எங்களுக்கு விளங்கிய ஒரே சொல்.
அவள் தாழ்ப்பாளில் கை வைக்க
எண்ணெய் முடிந்தது.

பதினேழு நிமிடம் மிச்சம் என்றான் பிலேந்திரன்.
காசு திருப்பித் தரவில்லை.

இப்போது நகரத்தில் மூன்றாம் மாடி, குளிரூட்டி,
பக்கத்தில் அக்காவின் மகள் ஆரபி.
திரையில் செத்தவர்கள் ஓடுகிறார்கள்.
ஒருவரை ஒருவர் படியாக்கி
எறும்பாய் மதில் ஏறுகிறார்கள்.
காரணமும் கையோடு வருகிறது:
ஓர் ஆய்வுகூடம், உடைந்த குப்பி, ஒரு கிருமி.
எங்கள் பிணங்கள் காரணம் சொல்லி எழும்பியதில்லை.

“உங்கடை சோம்பியளுக்கு ஏன் பயந்தனீங்கள்?
நடந்தே தப்பியிருக்கலாமே.”
ஆரபி எல்லாம் பார்த்தவள்.
காதலிக்கும் பிணம் வந்துவிட்டதாம்;
மருந்தெடுத்துத் திருந்தி
வேலைக்கு விண்ணப்பிக்கும் பிணமும்.
எல்லாவற்றுக்கும் முந்திய கறுப்பு வெள்ளையில்
அவர்கள் ஒருவரையும் கடிக்கவில்லையாம்,
கரும்பாலையைச் சுற்றிச் சுற்றி இழுத்தார்களாம்,
சம்பளமில்லாமல், நித்திரையில்லாமல்.
பயம், அவர்களைக் கண்டு அல்ல.
நாமும் அப்படி ஆகிவிடுவோமோ என்று.

என் கண் வேறொன்றில் நின்றது.
பழைய படத்தில் கமரா வீட்டுக்குள் இருந்தது,
எங்களோடு, யன்னல் உயரத்தில்.
புதியதில் அது வானத்தில்.
அங்கிருந்து பார்த்தால் முகமில்லை.
ஊற்றிவிட்டது போலச் சனம்.

நாவற்குழிப் பாலத்தில் அந்த ஐப்பசி இரவு
நாங்களும் அப்படித்தான் தெரிந்திருப்போம்.
மழை. ஓர் அடி வைக்கக் கால் மணித்தியாலம்.
முன்னால் நின்றவரின் முதுகில் நெற்றி முட்டி,
கண் திறந்தபடி நித்திரை கொண்டு,
பிறகு இன்னோர் அடி.
மேலே ஏதோ இரைந்துகொண்டு சுற்றியது.
பிலேந்திரன் டெக்கைப் பொலித்தீனில் சுற்றித்
தலையில் வைத்திருந்தான்.
ஒரு காலில் செருப்பில்லை.
“சேர்” என்றேன்.
திரும்பிச் சிரித்தான்.

இதை ஆரபிக்குச் சொல்லவில்லை.
“மெல்ல வாறவனை ஆரெண்டு அடையாளம் தெரியும்.
அதுதான் பயம்” என்று மட்டும் சொன்னேன்.
“ம்” என்று சோளப்பொரியை நீட்டினாள்.
திரையில் ஒரு நகரம் விழுந்து முடிந்தது.

போன கிழமை ஸ்காபரோவிலிருந்து
பிலேந்திரன் எடுத்தான்.
அந்தப் படம் அகப்பட்டுவிட்டதாம்,
கோடு விழாத பிரதி, கடைசிவரை.
“முடிவிலை அந்தப் பெட்டை கதவை...”
“சொல்லாதை” என்றேன்.
“அந்த அஞ்சு ரூபாவை நீயே வைச்சிரு.
சொல்லாதை.”