மணிக் கணக்கு

பகலில் லாரி லாரியாய்க் கோதுமை நிறுப்பவள் நான்.
மொன்டானாவின் வட ஓரம், ரயில் பாதையை ஒட்டித்
தானியக் கிடங்கு; அதன் ஜன்னலில் என் முகம்.
இருபது பவுண்டுக்குக் கீழே
எங்கள் எடைமேடைக்குக் கண் தெரியாது.

இரவில் கராஜில் இன்னொரு தராசு.
ஒரு மணியைப் பத்தாய்ப் பிளந்து ஒரு துண்டு வைத்தாலும்
அதன் முள் அசையும்.
தோட்டாவுக்குள் போகும் மருந்துக்கும்
மணிக் கணக்குதான், கிரெய்ன் என்கிறார்கள்.
எவனோ ஒரு விவசாயி
தொடங்கிவைத்திருக்க வேண்டும்.

பதினோரு வருடம் ஒரே மருந்து.
ரேண்டலிடம் நாலு அங்குல ரிவால்வர்,
என்னிடம் இருபது அங்குல லீவர் துப்பாக்கி,
இரண்டுக்கும் ஒரே மேக்னம் தோட்டா.
ஒரே பெட்டிக்குள் இரண்டு கைகள் துழாவும்.
அதுதான் வசதி என்று வாங்கினோம்.
கல்யாணமும் ஏறக்குறைய அதே வருடம்.

மெதுவாய் எரியும் மருந்தை ஒருமுறை போட்டுப் பார்த்தோம்.
அக்டோபர், இருட்டும் நேரம்.
என் குழலுக்குள் அது ஆற அமர எரிந்து
கடைசிவரை ரவையைத் தள்ளிக்கொண்டு போனது.
அவன் குழலில் இடம் போதவில்லை:
பாதி வெளியே வந்து எரிந்தது,
பூசணிக்காய் அளவு நெருப்பு.
நாய் பிக்கப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
"வேண்டாம்" என்றான், காதைப் பொத்திக்கொண்டு.

வேகமாய் எரிவது அவனுக்குச் சரி.
எனக்கு?
முதல் சில அங்குலத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும்,
மிச்சக் குழல் முழுக்க
பழைய தள்ளலிலேயே ரவை போய்ச் சேர வேண்டும்.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.
நடுவாந்தரமாய் ஒன்றைப் பிடித்தோம்.
செதில் செதிலாய் இருக்கும்.
அளவைக் கருவியில் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும்.
ஒவ்வொன்றையும் தராசில் வைத்து
விரலால் தட்டித் தட்டிச் சரிசெய்தேன்.
நான்தான். பதினோரு வருடம்.

கோர்ட் காகிதத்தில் ரிவால்வர் அவனுக்கு, துப்பாக்கி எனக்கு.
மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மார்ச்சில் கடைக்குப் போனபோது
லோவெல் கேட்காமலே வழக்கமான டப்பாவை எடுத்துவைத்தான்.
"அது வேண்டாம்."
குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.
மீன்தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்
திரும்பிப் பார்த்தார்.

புதியது கடுகைவிடச் சின்ன உருண்டை.
தண்ணீர்போல இறங்குகிறது; தட்ட வேண்டியதில்லை.
கையேடு சொல்கிறது:
பயந்து பயந்து இதைக் குறைக்காதே,
ஆசைப்பட்டுக் கூட்டவும் கூட்டாதே.
குளிரில் இது எழுந்திருக்கச் சோம்பும், வலுவான பிரைமர் போடு.
கூட்டின் வாயால் ரவையை இறுக்கிக் கவ்வவை.
குழாய் மேகசினுக்குள்
ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துப் படுத்திருக்கும்,
எனவே கூர்மூக்கு கூடவே கூடாது.
(இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.
ஏனென்று சொல்ல மாட்டேன்.)

வேகமானி காட்டிய எண்ணை நோட்டில் எழுதினேன்.
இரண்டு முறை சுட்டு, இரண்டு முறை எழுதினேன்.
இத்தனை வருடமும் என் துப்பாக்கிக்குள்
இவ்வளவு தூரம் இருந்திருக்கிறது.
பக்கத்துக் கட்டம், அவனுடையது, வெள்ளையாய்க் கிடந்தது.
அதில் கோடு போடவில்லை. விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் யாருடைய லாரியையோ ஓட்டிக்கொண்டு
ரேண்டல் எடைமேடைக்கு வந்தான்.
நிறைலாரி நிறுத்தேன். கொட்டிவிட்டு வந்தான்,
வெற்றுலாரி நிறுத்தேன்.
சீட்டோடு ஒரு காப்பி டப்பாவையும்
ஜன்னல் வழியே நீட்டினேன்:
பழைய தோட்டா, நாற்பத்து மூன்று.

"இப்போது எந்த மருந்து?"
"மெதுவாய் எரிவது."
"என்னுடையதற்கு ஒத்துவராதே."
"ஆமாம்."

டப்பாவைக் காதருகில் ஆட்டிப் பார்த்தான்,
கணக்குச் சரியா என்பதுபோல.
கியர் போட்டு இறங்கிப் போனான்.

மேடை பூஜ்யத்துக்கு வரவில்லை.
இருபது பவுண்டு என்று நின்றது.
பலகை இடுக்கெல்லாம் சிந்திய கோதுமை.
பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.