பதினோராவது கட்டம்

கலைப்பொருள் பதிவுப் படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
குல்டீகா நகராட்சி என் கையில் கொடுத்தது
ஒரு பேனா, ஓர் அளவுநாடா, பேருந்துக் காசு.

படைப்பின் பெயர்?
"கொல்லை" என்றாள் வெல்கா ஸ்ப்ரோகே,
தலை நிமிராமல்.

பொருள்?
எண்ணெய் வண்ணம், வெண்கலம், மரம் என
அச்சிட்டிருந்த எதுவும் பொருந்தவில்லை.
'மற்றவை' என்ற இடத்தில் எழுதினேன்:
சுண்ணாம்புக்கல், பழைய ரயில் கட்டை,
பியோனி, எலும்புத்தூள், மழை.
"பிடிவாதம் என்றும் சேர்த்துக்கொள்."
சேர்த்தேன்.

அளவு?
நாடாவை வேலிவரை இழுத்தேன். பதினெட்டு மீட்டர்.
"அங்கே முடியாது.
பக்கத்து வீட்டு பிர்ச் மரத்தின் நிழல்
இரவு ஒன்பது மணிக்கு, வெயில் சாயும்போது
வேலி தாண்டி வந்து இங்கே படுக்கும்.
அதற்குப் பாயாகத்தான் இந்த வெள்ளை ஃப்ளாக்ஸ்."
மரத்துக்காரர் சம்மதித்தாரா என்று நான் கேட்கவில்லை.

உடன் பணியாற்றியவர்கள்?
அகழெலி ஒன்று.
இவள் வளைத்துப் போட்ட பாத்தியை
ஒரே இரவில் நேராக்கிவிட்டதாம்.
மூன்று நாள் திட்டித் தீர்த்தாளாம்.
நாலாம் நாள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தால்
அது போட்ட கோடுதான் சரி.

முப்பது வருடம் பொய்ப்பல் கட்டியவள் வெல்கா.
வரிசை கச்சிதமாய் இருந்தால்
பார்க்கிறவன் உடனே கண்டுபிடித்துவிடுவான் என்பாள்.
ஒரு பல் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும்.

சொல்லிக்கொண்டே மண்வெட்டியை ஊன்றி
ஆளுயர டெல்ஃபினியம் ஒன்றை
வேரோடு பெயர்த்தாள்.
உச்சிவரை நீலம். தேனீ இன்னும் உள்ளே.
"ஐயோ, இதுதானே இங்கே அழகு!"
"அதுதான் தொல்லை.
வருகிறவர்கள் எல்லாம் இதையே பார்க்கிறார்கள்.
மற்றவை வாய் திறக்க முடியவில்லை."

துத்தநாக வாளியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.
அதற்கும் ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார்
பேருந்து ஓட்டுநர்.

'இருப்பிடம்' என்ற கட்டத்தில்
அன்றிரவு ஒரு வரி கூட்டினேன்:
ஒரு பகுதி, என் நாலாம் மாடி பால்கனியில்.

பதினோராவது கட்டம், முடித்த ஆண்டு.
வெறுமனே விட்டால் கணினி ஏற்காது.
நடப்பு ஆண்டைப் போட்டேன்.
மறுவருடம் திருத்தினேன்.
அதற்கடுத்த வருடமும்.
கோப்பில் இப்போது ஏழு புகைப்படங்கள்.
ஒன்றில் குளம் இருக்கிறது, ஒன்றில் இல்லை.
ஒன்றில் வெறும் பனி,
அதில் அவள் வெட்டாமல் விட்ட காய்ந்த தண்டுகள்
எழுதி அடித்த வரிகளைப் போல.
"இதில் அசல் எது?" என்கிறார் மேலாளர் குன்டார்ஸ்.

வாளியில் இருப்பது ஒவ்வொரு குளிரிலும் சாகிறது.
இந்த ஏப்ரலிலும் ஒரு பச்சை மூக்கு,
ஒருக்களித்து.
வெல்காவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.
"எந்தப் பக்கம் சாய்கிறது?"
தெருவிளக்கின் பக்கம் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள்,
"விளக்கு மஞ்சளா, வெள்ளையா?"