கடும்வெட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தூண் ஒன்று
எங்கள் ஸ்கேன் அறையின் சன்னலை அடைத்து நிற்கும்.
மேலே பஸ் போனால் திரை லேசாய் நடுங்கும்.
அது அடங்கியபின்தான் அளப்பேன்.

இன்று ஏழாவது ஆள், ஞானாபரணம்,
வயது அறுபத்தொன்று, ஊர் கடையல்.
சட்டையைக் கழற்றியதும்
ரப்பர்பாலும் ஆசிடும் கலந்த வாடை.
இடப்பக்கம் சரிந்து படுங்க என்றேன்.
ஜெல் பட்டதும்
"ஐசு கட்டியாக்கும்" என்றார்.

நிறைந்தபோது ஒரு கோடு வரைந்தேன்.
சுருங்கியபோது ஒரு கோடு.
இரண்டுக்கும் நடுவே அதிகம் இடமில்லை.
மூன்று துடிப்பு அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.
ஐந்து எடுத்தேன்.
இருபத்துநாலு.

எட்டிப் பார்த்துவிட்டார்.
"நூத்துக்கா?"
ஆமாம்.
"பத்தாங்கிளாசில எனக்கு முப்பத்தொண்ணு.
அதுக்கே தோல்வி."
நூறு யாருக்கும் கிடையாது அண்ணே,
அறுபது இருந்தாலே நல்ல இதயம்.
கொஞ்சம் உள்ளே வைத்துக்கொண்டுதான்
ஒவ்வொரு முறையும் மூடும்.
"சிரட்டையில ஒட்டுப்பால் நிக்குமே, அது போல"
என்றார், தனக்குள்.

வலப்பக்கத்து வளையம்
துடிப்புக்குப் பதினேழு மில்லிமீட்டராவது நகர வேண்டும்.
பதிமூன்றில் நின்று திரும்பியது.
மூக்கை உறிஞ்சச் சொன்னேன்.
வயிற்றிலிருந்து ஏறும் பெரிய நாளம்
அப்போது சுருங்க வேண்டும்.
இரண்டு தரம் உறிஞ்சினார்.
கரை முட்டிய கால்வாய் போல
அது அப்படியே கிடந்தது.

இவற்றையெல்லாம் கூட்டினால் ஒரு கணக்கு வரும்.
இப்படி நூறு பேர் இருந்தால்
அடுத்த ஆண்டு இத்தனை பேர் இருக்கமாட்டார்கள் என்று.
அந்த நூறு பேரை நான் பார்த்ததில்லை.
நான் பார்ப்பது ஒவ்வொருவராக,
இடப்பக்கம் சரிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
போன ஆண்டு இதே இருபத்துநாலோடு இரண்டு பேர்.
திங்கள்சந்தையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஸ்தெல்லா
ஆறு மாதத்துக்கொரு தடவை வருகிறாள்,
முட்டு வலியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.
மற்றவர் பெயர் ஃபைலில் இருக்கிறது.

"ஒரு காரியம் கேக்கணும்" என்றார்.
"அருமனையில நானூறு மரம். கடும்வெட்டு.
மூணு வருஷத்துக்கு எழுத்து,
அது கழிஞ்சா மரத்த முறிச்சிருவாங்க.
நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்.
குடுக்கலாமா?"

முறிக்கப்போகிற மரத்துக்கு ஓய்வுநாள் இல்லை.
மேலேயும் கீழேயும் கத்தி வைப்பார்கள்.
பட்டையை மிச்சம்பிடிக்க வேண்டிய தேவை
யாருக்கும் இல்லாத வெட்டு.
என் அப்பாவும் வெட்டியிருக்கிறார்.

டாக்டர் சொல்வார் என்றேன்.
எனக்குச் சொல்ல அனுமதி கிடையாது.
அவர் தலையாட்டிவிட்டுச் சட்டையைத் தேடினார்.

எஸ்தர்பாய் அதுவரை
திரைப் பக்கமே திரும்பவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவர் முதுகு காட்டிப் பொத்தான் போடுகையில்
பக்கத்தில் வந்து, மெதுவாக,
"எழுத்து எம்பேருல போடட்டா பிள்ளே?"
அவளுடைய வலது ஆள்காட்டி விரலிலும்
கத்தி பிடித்த காய்ப்பு.

பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.
புதுச் சுருளை மாட்டக் கொஞ்சம் நேரமானது.
போடுங்கம்மா என்றேன்.
ரிப்போர்ட்டில் அது வராது.

மேலே ஏதோ லாரி போனது. காத்திருந்தேன்.
கதவுக்கு வெளியே அவர் யாரிடமோ சொல்வது கேட்டது:
"நாப்பத்தஞ்சு வருஷத்தில
ஏழு மார்க்குதான் குறைஞ்சிருக்கு ஓய்."