பெட்டி மாறியவை

மூன்று வாழைப்பழ அட்டைப்பெட்டிகள்.
பனியில் வழுக்கும் உதைவண்டியில் ஏற்றி
ஔலு சந்தைத்தெரு முழுக்கத் தள்ளிவந்திருக்கிறாள்.
பெயர் சிர்க்கு. மூக்கு சிவந்திருந்தது.
"பாதி என்னுடையவை, பாதி ஓஸ்மோவுடையவை.
இப்போது எல்லாமே என்னுடையவை.
விலை சொல்லுங்கள்."

பழைய குறுந்தகடு வாங்குகிறவள் நான்.
வாய் திறந்ததும் விலை சொன்னால்
கடையை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.
முதலில் காப்பி.
மைனஸ் இருபதிலிருந்து வந்த பிளாஸ்டிக்கை
உடனே தொடக்கூடாது,
கீல் பட்டென்று முறியும்,
உள்ளே வேர்த்துக்கொட்டும்.
அவையும் கொஞ்சம் சூடேறட்டும்.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
நடுவே வட்டமாகச் சின்னப் பல்வரிசை.
அதை ஒரு விரலால் அழுத்தினால் தகடு தானாக எழும்பும்.
விளிம்பைப் பிடித்து நெம்புகிறவர்கள்
அதை வில்லாக்கிவிடுகிறார்கள்;
பல் நாலு கொட்டிய பிறகு
பெட்டியைக் குலுக்கிப்பார்த்து, தரமில்லை என்கிறார்கள்.

"அடியில் கீறல் இருக்கிறதே, குறைப்பீர்களோ?"
அடிப்பக்கம் தடித்த தோல், அம்மா.
கொஞ்சம் கீறினால் பொறுத்துக்கொள்ளும்.
நடுவிலிருந்து வெளியே, நேர்கோடாகத் துடைத்தால் போதும்,
வட்டமாகத் தேய்த்தால்தான் திக்கும்.
பாட்டு இருப்பது மேலே,
பெயர் அச்சடித்த முகத்துக்குச் சற்றே கீழே.
அங்கே பேனா அழுந்தினால்கூடப் போச்சு.
ஆனால் எல்லாரும் பளபளப்பைத்தான் பொத்திக் காக்கிறார்கள்;
முகத்தை மேசையில் கவிழ்த்துவைக்கிறார்கள்.

அதற்குள் அது கண்ணில் பட்டது.
அட்டையில் அக்கார்டியன்; உள்ளே தவளைச் சத்தம்.
தவளைப் பெட்டியைத் தேடி எடுத்தேன்:
ஸ்வீடிஷ் பேசுவோம், பாகம் இரண்டு.
அதன் பெட்டியில் தேவாலய ஆர்கன்.
ஆர்கனின் வீட்டில் ஒரு கரடிக்கதை.
கரடியின் வீட்டில் டாங்கோ.
டாங்கோவின் பெட்டி காலி.

தெரியாதா இந்தப் பழக்கம்?
ஓடுவதை வெளியே எடுத்து
அடுத்ததன் காலி வீட்டில் குடிவைப்பது.
ஒரு சோம்பல், அதன் தலையில் இன்னொன்று.
சங்கிலியைக் கடைசியிலிருந்து பிடித்தால்
அவன் கேட்ட வரிசை வந்துவிடும்:
டாங்கோ, கரடி, ஆர்கன்,
ஸ்வீடிஷ், தவளை,
முடிவாக அக்கார்டியன்.

"ஸ்வீடிஷா?" என்றாள்.
பள்ளிக்கூடத்தில் படித்து
அவன் பெருமையோடு மறந்த பாடம்.
"எங்கே வைத்துக் கேட்டான்? வீட்டில் நான் கேட்டதில்லையே."
காரில் இருக்கும், என்றேன்.
இப்போது அவன் லூலியோவில் இருக்கிறானாம்.
போன அக்டோபரிலிருந்து.
காப்பிக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பாகம் ஒன்று எங்கே என்று அவளே தேடினாள்.
சரியான பெட்டியில், சரியாகவே இருந்தது.
அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

தவளையைத் தவளையிடம் சேர்த்தேன்.
எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போனபின்
மிச்சம் நின்றது அக்கார்டியனின் பெட்டி, வெறுமையாக.
அங்கேயே நின்று போன் செய்தாள்.
மறுமுனையில் நெடுநேரம் மணி.
பிறகு: அது கார் பிளேயரிலேயே சிக்கிக்கொண்டது,
குளிரில் துப்பாது,
காரைக் கெமியில் ஒருவருக்கு விற்றாயிற்று.

எண்பத்தாறு யூரோ கொடுத்தேன்.
காலிப்பெட்டிக்கும் சேர்த்துத்தான்,
கீல் முறிந்த வேறொன்றுக்கு ஆகும்.
"பெட்டி இருக்கட்டும், அட்டை எனக்கு வேண்டும்."
இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற பிறைகளுக்கடியிலிருந்து
மூலை மடங்காமல் உருவத் தெரிந்திருந்தது அவளுக்கு.
கெமிக்காரருக்குத் தபாலில் அனுப்பப்போகிறாளாம்.

பாவம், அந்த மனுஷர்.
வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் கேட்டிருப்பார்,
யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமலே.