பொனற் தட்டையாய் இருக்கட்டும்

ஜெறோம்,
நீ கீறி அனுப்பின வண்டியைக்
கைபேசியில் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்தன்.
மணல்காட்டு வெயிலுக்குள்ளே ஒண்டும் தெரியேல்லை.
பழைய ஜீப்பின்ர நிழலுக்குள் குந்தியிருந்துதான்
புது ஜீப்பைப் பார்க்க முடிஞ்சுது.

"இதைத்தான் திருப்பிச் செய்யிறம் மச்சாள்,
என்னென்ன இருக்கவேணும்?" எண்டு கேட்டிருக்கிறாய்.
கேட்டதே பெரிய காரியம்.
இந்தக் கரைக்கு வந்த எதுவும்
கேட்டு வந்ததில்லை.

எழுதிக்கொள்.

முதலில் பொனற்.
அதைப் பாரைமீன் முதுகு மாதிரி
வழுக்க விட்டிருக்கிறாய். வேண்டாம்.
தட்டையாய் இருக்கட்டும்.
சூடை பங்கு பிரிக்கிறது அதில்.
கணக்குக் கொப்பி விரிக்கிறது அதில்.
கிறேசியனுக்குக் கை வெட்டுப்பட்ட அண்டு
படுக்கவைச்சுத் துணி சுத்தினதும் அதில்தான்.
எஞ்சின் சூடு முதுகுக்கு நல்ல சுகமெண்டு
மந்திகை ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரிச்சவன்.

மணல் உனக்கு மறந்திருக்கும்.
சோளகம் எழும்பினால்
நேற்றுப் போன தடம் இண்டைக்கு இல்லை.
கோயிலையே கழுத்துவரை விழுங்கின மண்,
சில்லை விடுமோ?
ரயரில் காத்து எவ்வளவெண்டு
திரையில் எழுத்து வருமாம். வரட்டும்.
குதிக்காலால் ஒரு உதை விட்டால்
எனக்கும் சொல்லும் அது.

பின்னால் ஒரு கொளுக்கி.
வடிவுக்கில்லை.
முப்பது பேர் இழுத்த கரைவலைக் கயிறை
அது ஒண்டாய் நிண்டு இழுக்கவேணும்,
மடி கிழியாமல்,
ஒரு பிள்ளைத்தாச்சி நடக்கிற மெல்லத்தில்.
வேகத்துக்கு முள் வைச்சிருக்கிறியள்.
அந்த மெல்லத்தை
உங்கட ஆக்கள் அளந்து பார்த்தவையோ?

பிறகு, கழட்டினால் கழரவேணும்.
பெற்றோல் வராத வருசங்களில்
இது மண்ணெண்ணெயில் ஓடினது;
சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் குடிச்சு,
இருமி, துப்பி, எழும்பினது.
உன்ர வண்டி எதைக் குடிச்சு எழும்பும்?
அதின்ர மூளை செத்தால்
கொழும்பில இருந்து ஆள் வருமட்டும்
மீன் காத்திருக்காது, ஜெறோம்.

அலுமினியத் தகடு நல்லது.
உப்புக்காத்து தகட்டை விட்டிட்டு
ஆணியைத்தான் தின்னும். ஆணியைக் கவனி.

இனி முன்லைற்.
இதை இரண்டு தரம் எழுதி அழிச்சன்.

நீ வெளிக்கிடேக்க உனக்கு நாலு வயசு.
இரவில் ஒரு ஜீப் சத்தம் கேட்டால்
விளக்கை நூத்திட்டு
மூச்சையும் நூத்தனாங்கள்.
சத்தம் தாண்டிப் போகுமட்டும் எண்ணுறது.
பதினேழு, பதினெட்டு.
ஒரு நாள்
தாண்டிப் போகேல்லை.

உன்ர படத்தில் லைற் இரண்டும்
கண்ணைச் சுருக்கி ஆரையோ தேடுது.
வட்டமாய் வை.
கடலை முதன்முதல் கண்ட குழந்தை
திகைச்சு நிக்கிற மாதிரி.
பச்சை நிறம் வேண்டாம்.
கறுத்தக் கண்ணாடி வேண்டாம்.
உள்ளுக்கு ஆர் இருக்கினமெண்டு
வெளியில நிக்கிற சனத்துக்குத் தெரியவேணும்.

வேற என்ன,
கிளச் என்ர காலுக்கு எட்டவேணும்.
உயரமான ஆம்பிளையளை மட்டும் இருத்திப் பார்த்து
சீற்றைப் பூட்டாதேங்கோ;
முதுகுக்குத் தலகாணி வைச்சு ஓட்டி
எனக்குக் களைச்சுப் போச்சு.

விலை எவ்வளவெண்டு கேக்கமாட்டன்.
கேட்டால் இந்தக் கிழட்டு ஜீப்போட
பிறகு நான் சண்டை பிடிக்கேலாது.

வாடியில இருந்து கூப்பிடுகினம்,
மடி கிட்ட வந்திட்டுதாம்.
கோர்னைப் பற்றியும் ஒண்டு இருக்கு, பிறகு எழுதுறன்.
ஸ்குரூட்ரைவரை எங்கையோ வைச்சிட்டன்.
திறப்புத் துலைஞ்சு பதினொரு வருசம்,
அதாலதான் ஸ்டார்ட் பண்ணுறது.